ஒரே காட்டிலிருந்து வந்த இரண்டு அச்சுப்படங்கள்: ரஸாவின் பிந்துவா, கோண்டு மரமா?

வீட்டுக் கூடத்துச் சுவருக்கு ஓர் அச்சுப்படம் தேடிக்கொண்டிருந்தேன். சாமி படம் வேண்டாம், ஆனால் பார்த்தால் மனசு அடங்க வேண்டும். காடோ மரமோ மண்ணோ அதில் இருக்க வேண்டும். பல மாதம் பார்த்த பிறகு இரண்டுதான் மிஞ்சின. ஒன்று, நவீன ஓவியர் எஸ். எச். ரஸாவின் ‘பிந்து’ (புள்ளி), செரிகிராஃப் எனப்படும் திரை அச்சில். இன்னொன்று, மத்திய இந்தியப் பழங்குடியினரான கோண்டுகளின் ஓவியர்கள் வரைந்து சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்ட ஒரு மரம்.

பார்த்தவுடன் இரண்டுக்கும் எந்த உறவும் தெரியாது. ஒன்றில் கறுப்பு வட்டமும் சதுரங்களும் முக்கோணங்களும் மட்டும். மற்றதில் கிளை எங்கே முடிகிறது, மானின் கொம்பு எங்கே தொடங்குகிறது என்றே பிரிக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. ரஸா 1922-இல் பிறந்தது மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில். அவருடைய அப்பா வனத்துறையில் வேலை பார்த்தவர். கோண்டு ஓவியத்தை உலகத்தின் முன் கொண்டுவந்த ஜன்கர் சிங் ஷ்யாமின் ஊர் பாட்டன்கர். இன்று அது திண்டோரி மாவட்டம். 1998 வரை அதுவும் மண்ட்லாதான். அதே நர்மதை, அதே சால மரக் காடு. அந்தக் காடு இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது என்பதுதான் என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்தது.

ரஸா திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. பள்ளியில் ஓரிடத்தில் நிலைக்காத பையன் அவர். ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்றாராம். அந்தப் புள்ளி வெளியே வர அரை நூற்றாண்டு ஆனது. 1950-இல் பிரான்சுக்குப் போனார், அங்கே கிராமங்களையும் மரங்களையும் வரைந்தார், பெயரும் கிடைத்தது. ஆனாலும் இதில் என் ஊர் எங்கே என்ற கேள்வி அவரை விடவில்லை. எழுபதுகளின் கடைசியில் இருந்துதான் பிந்து அவர் ஓவியங்களின் நடுவே வந்து உட்கார்ந்தது. அதை அவர் விதையாகப் பார்த்தார். ஐந்து வண்ணங்கள் ஐந்து பூதங்கள். கறுப்பு எல்லா நிறங்களுக்கும் தாய். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நிற்கும் முக்கோணங்கள் புருஷனும் பிரகிருதியும், அதாவது ஆண் தத்துவமும் பெண் தத்துவமும். வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. புள்ளி வைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்தப் படத்தின் எதிரே பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூச்சு நிதானமாவது உண்மை. ஆனால் ரஸாவிடம் காடு முழுக்க வடிகட்டப்பட்டுவிட்டது. மரம் போய் விதை நிற்கிறது. விதையும் போய், விதை என்ற எண்ணம் நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர், தில்லை மரத்தைப் பார்க்கவோ பிச்சாவரம் போக வேண்டும். ரஸாவின் பிந்துவும் எனக்கு அப்படித்தான். பெயர் இருக்கிறது, மரம் வேறெங்கோ இருக்கிறது.

கோண்டு மரத்துக்கு வருகிறேன். கோண்டுகளின் பெருந்தெய்வமான படாதேவ் குடியிருப்பது சாஜா மரத்தில், அதாவது நம் கருமருதில். நம் கோயில்களின் தல விருட்சத்தை நினைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே மரத்தைச் சுற்றிக் கோயில் எழுந்துவிட்டது. அங்கே மரமே கோயில். அந்த மரத்தடியில் பானா என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்துத் தெய்வத்தை எழுப்பிப் பாடுகிறவர்கள் பர்தான்கள், கோண்டுகளின் பாணர்கள் என்றே சொல்லலாம். ஜன்கரும் அவரைத் தொடர்ந்து வரைய வந்த பலரும் அந்தக் குடிகள்தான். பாட்டைக் கேட்டு ஆதரித்தவர்கள் குறையக் குறைய, கதைகள் குரலிலிருந்து கோட்டுக்கு இடம் மாறின. அதனால் அந்த மரத்தை எதற்கும் குறியீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகலெல்லாம் நிழலும் கனியும் கொடுத்து உழைக்கும் மரம், எல்லோரும் போன பிறகு இரவில்தான் தன் உயிரைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தாள் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். அது இரவு.

அச்சு என்று வரும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது. இரண்டுமே நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும் கடைப் பைக்கும் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன் மேல் மை, மையை இழுக்க ஒரு ரப்பர் பட்டை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை. ரஸாவின் மூலப்படம் கான்வாஸில் வண்ணம் குழைத்து வரைந்தது. அங்கே வட்டத்தின் விளிம்பில் தூரிகை தயங்கிய இடம்கூடத் தெரியும். திரை வழியாக இறங்கும்போது அந்தத் தயக்கம் போய்விடுகிறது, கறுப்பு வெறும் கறுப்பாகிறது. கோண்டு ஓவியமோ கோடும் புள்ளியும் சிறு கீற்றுகளுமாக நிரப்பியது, ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு நிரப்பும் பாணி, அதுவே கையெழுத்து. கோடு திரைக்கு வாகானது, எதையும் இழப்பதில்லை. கெட்டியான மை கைத்தாளின் மேல் லேசாக மேடிட்டு நிற்கும். விரலால் தடவினால் கிளை தெரியும். மூலத்தைப் பார்க்க முடியாத ஏக்கம் ரஸாவின் அச்சில் எனக்கு வந்தது, மரத்தில் வரவில்லை.

விலையைச் சொல்லியாக வேண்டும். ரஸா கையொப்பமிட்ட எண்ணிட்ட பிரதி பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். மரம் சில ஆயிரங்களில் கிடைக்கும். ரஸாவை வாங்குகிறவர்கள் பிரதி எண், பென்சில் கையொப்பம், சான்றிதழ் மூன்றையும் பார்த்தே வாங்குங்கள். 2009-இல் டெல்லியில் தன் படங்களின் கண்காட்சியைத் திறந்துவைக்கப் போனபோது, சுவரில் தொங்கியவற்றில் போலிகள் இருந்ததை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. கடைகளில் ரஸா ‘நவீன ஓவியம்’, கோண்டு மரம் ‘பழங்குடிக் கலை’. அது எப்படி? தாளிலும் கான்வாஸிலும் கோண்டுகள் வரையத் தொடங்கியதே எண்பதுகளில், போபாலின் பாரத் பவன் கலை மையத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் ஜன்கருக்கு இடம் கொடுத்த பிறகுதான். 1989-இல் பாரிஸின் போம்பிடூ மையம் நடத்திய கண்காட்சியில் ஜன்கரின் படங்களும் இருந்தன. ரஸா அப்போது அதே பாரிஸில்தான் வாழ்ந்தார். ரஸாவின் பிந்துவும் இந்த மரமும் ஏறக்குறைய ஒரே வயது.

தியானத்துக்கென்று தனி அறை, எதிரே வெற்றுச் சுவர், உட்கார நேரம், இவை இருப்பவர்கள் ரஸாவை எடுக்கலாம். அந்தப் படத்துக்கு அவ்வளவு இடம் தேவை, அதற்குத் தகுதியும் உண்டு. நான் மரத்தை எடுத்தேன். கூடத்துக்கென்று வாங்கியது சாப்பாட்டு மேசைக்குப் பக்கம் போய்விட்டது, வெயில் நேராக விழாத சுவரில், என் மகளின் கண் மட்டத்தில். சோற்றைப் பிசைந்துகொண்டே தினம் ஒரு கிளையாகக் கண்ணால் ஏறுகிறாள். நேற்று இலைகளுக்குள் ஒரு பறவையைக் கண்டுபிடித்துக் காட்டினாள். நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.