கடைசிப் பத்து மீட்டர்: மூழ்கிய கப்பலைத் தூக்க எந்த வழி மேல்?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் ஸ்காபா ஃப்ளோ என்றொரு விரிகுடா இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்கள் அங்கே சிறைப்பட்டிருந்தன. 1919 ஜூன் 21 அன்று அவற்றின் மாலுமிகளே அடிவால்வுகளைத் திறந்துவிட்டு 52 கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து ஏர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி அவற்றில் ஒரு பகுதியை பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து விலைக்கு வாங்கினார். அதற்கு முன்னால் அவர் எந்தக் கப்பலையும் தூக்கியதில்லை.

மூழ்கிய கப்பலைத் தூக்கும் வழிகளை ஒப்பிட நினைத்தால் நான் முதலில் போவது அங்கேதான். ஒரே குடா, ஒரே முதலாளி, ஏறக்குறைய அதே ஆட்கள். கப்பல்கள் கிடந்த கிடைதான் வேறு வேறு. ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, ஒன்று பக்கவாட்டில் படுத்திருந்தது, பல குப்புறக் கிடந்தன. அதனால் காக்ஸ் ஒவ்வொரு வழியையும் கையாண்டு பார்க்க வேண்டியிருந்தது.

வழிகள் எத்தனை இருந்தாலும் இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும். வெளியிலிருந்து கட்டித் தூக்குவது ஒன்று. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, கப்பல் தானாக மிதக்கும்படி செய்வது இன்னொன்று. எது பலம் வாய்ந்தது என்றுதான் பெரும்பாலும் பேசப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: மேல்மட்டம் வர இன்னும் பத்து மீட்டர் இருக்கும்போது கப்பல் நம் பேச்சைக் கேட்குமா? பெரும்பாலான விபத்துகளும் விரயமும் நடந்தது அங்கேதான்.

வடமும் கடல் ஏற்றமும்

காக்ஸ் சின்னக் கப்பல்களில் தொடங்கினார். டெஸ்ட்ராயர் வகை, ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு முன்பின். அவரிடம் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மிதக்கும் டாக் (கப்பலை ஏற்றிவைத்துப் பழுதுபார்க்கும் மிதவை மேடை) இருந்தது. அதை இரண்டாக வெட்டி, மூழ்கிய கப்பலின் இரு பக்கமும் ஒவ்வொரு பாதியை நிறுத்தினார். கப்பலின் அடியில் வடம் கொடுத்து, கடல் வற்றும் நேரத்தில் வின்ச்சுகளை, அதாவது வடம் சுற்றும் உருளைகளை, கையால் சுற்றி இறுக்கினார்கள். ஏற்றம் வரும்போது டாக்கின் பாதிகள் உயர, நடுவில் தொங்கிய கப்பலும் தரையை விட்டுக் கிளம்பியது. அப்படியே ஆழம் குறைந்த பக்கமாக இழுத்துப் போய்த் தரை தட்ட வைத்து, அடுத்த வற்றுக்கு மறுபடி இறுக்கினார்கள்.

முதலில் சங்கிலி போட்டார்கள், அது அறுந்தது. ஆட்கள் உயிர் தப்பியதே பெரிது. அப்புறம் தடித்த எஃகு வடத்துக்கு மாறினார்கள். 1924 கோடையில் முதல் கப்பல் மேலே வந்தது. 1926-க்குள் 25 டெஸ்ட்ராயர்களைத் தூக்கிவிட்டார்கள்.

இந்த முறையின் பலம் அதன் கட்டுப்பாடு. எடை எப்போதும் வடத்தில் இருக்கிறது. நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம், ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்க வின்ச்சை மட்டும் இறுக்கலாம். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் இழக்கிறது. ஆயிரம் டன் கப்பல் நீருக்குள்ளும் 870 டன் கனக்கும். போதாததற்கு அடியில் சேற்றின் பிடி வேறு. 25,000 டன் போர்க்கப்பலுக்கு அன்றைய வடங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மரக்கப்பல் என்றால் கணக்கே வேறு. ஸ்டாக்ஹோமில் 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா, 32 மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து நின்றது. பால்டிக் கடலில் ஏற்றவற்றம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் கடல் செய்யும் வேலையை மிதவைகளைக் கொண்டு செய்தார்கள். சுழியோடிகள் நீர்ப்பீச்சியால் சேற்றைக் குடைந்து கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டினார்கள். அவற்றின் வழியாக வடம் கொடுத்து, மேலே ஓடின், ஃப்ரிக் என்ற இரண்டு மிதவைகளில் தண்ணீரை நிரப்பித் தாழ்த்தி, வடத்தை இறுக்கி, தண்ணீரை இறைத்தார்கள். மிதவை எழுந்தது, கப்பலும் எழுந்தது. 1959-இல் 18 தவணைகளில் 16 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

அங்கே நிறுத்தினார்கள் பாருங்கள், அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உற்சாகத்தில் ஒரே மூச்சில் மேலே இழுத்திருக்கலாம். ஆனால் ஆழம் குறைந்த அந்த இடத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் செலவழித்து, துருப்பிடித்துக் காணாமல் போன ஆணிகளின் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள்; பீரங்கி வாசல்களை மூடினார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று வாசாவின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு பம்ப்தான் வேலை செய்தது. 333 ஆண்டு மூழ்கிக் கிடந்த கப்பல் தன் அடிக்கட்டையிலேயே மிதந்து உலர்துறைக்குள் போனது. வெளியிலிருந்து தூக்கி, கடைசிக் கட்டத்தை உள்ளிருந்து முடித்தார்கள்.

இங்கிலாந்தின் மேரி ரோஸ் இதற்கு நேர் எதிர். 1545-இல் மூழ்கியதும் வெனிஸ்காரர்களை அழைத்து, இரண்டு கப்பல்களுக்கு நடுவில் வடம் கட்டி, கடல் ஏற்றத்தை நம்பி இழுத்துப் பார்த்தார்கள். கப்பல் பக்கம் சாய்ந்து சேற்றில் புதைந்திருந்தது. பாய்மரம் முறிந்ததுதான் மிச்சம். 1982 அக்டோபர் 11 அன்று எஞ்சிய பாதி உடலை எஃகுச் சட்டத்தில் தொங்கவிட்டு, நீருக்குள்ளேயே மெத்தை வைத்த தொட்டிலில் இறக்கி, டாக் மோர் என்ற மிதக்கும் கிரேனால் தூக்கினார்கள். நீர்மட்டத்தைத் தாண்டும்போது சட்டத்தின் ஒரு மூலை சடாரென்று சறுக்கி இறங்கியது. நல்லவேளை, கப்பல் தப்பியது. தண்ணீரை விட்டு வெளியே வரும் பொருள் அதுவரை தண்ணீர் சுமந்த எடையையும் சேர்த்துக் கனக்கும். கிரேன் முறையின் சோதனைக் கட்டம் அதுதான்.

பம்பா, காற்றா?

காக்ஸின் பெரிய கப்பல்களுக்கு வருவோம். இங்கேதான் உண்மையான போட்டி.

ஹிண்டன்பர்க் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கொடிமரமும் புகைபோக்கிகளும் வெளியே தெரிந்தன. பார்ப்பதற்கு இருப்பதிலேயே எளிதான வேலை: ஓட்டைகளை அடை, தண்ணீரை இறை, மிதக்கும். சுழியோடிகள் எண்ணூறு அளவுக்கு அடைப்புகள் போட்டார்கள். விளிம்பில் பூசிய மாட்டுக் கொழுப்பை மீன்கள் தின்றுவிட்டன. சிமென்ட் கலந்து பூசிய பிறகுதான் அவை விட்டன. 1926-இல் பம்புகளை ஓட்டினார்கள். கப்பல் எழுந்தது, ஆனால் நேராக நிற்க மறுத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. அப்புறம் புயல் வந்தது. பெருஞ்செலவுக்குப் பிறகு கைவிட்டார்.

காரணம் நம் வீட்டில் உள்ள பழமொழிதான்: குறைகுடம் கூத்தாடும். பாதி இறைத்த கப்பலுக்குள் தண்ணீர் தாழ்ந்த பக்கமே ஓடும். ஓட ஓட அந்தப் பக்கம் மேலும் தாழும். முழுக்க நிறைந்த கப்பலும் முழுக்கக் காலியான கப்பலும் அடங்கி நிற்கும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. 1930-இல் திரும்பி வந்தபோது, கான்கிரீட் நிரப்பிய டெஸ்ட்ராயர் துண்டு ஒன்றை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் அண்டக் கொடுத்தார்கள். அந்த முறை ஹிண்டன்பர்க் எழுந்து நின்றது.

மோல்ட்கே குப்புறக் கிடந்தது. மேல்தளமும் புகைபோக்கிகளும் கீழே, அடிப்பாகம் மேலே. அதைப் பம்பால் இறைக்க வழியே இல்லை. டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா? அதே தத்துவம். அடிப்பாகத்தில் சில ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டு, அழுத்திய காற்றை உள்ளே செலுத்தினால் தண்ணீர் கீழே உள்ள திறப்புகள் வழியாக வெளியேறிவிடும். எண்ணூறு அடைப்பு தேவையில்லை. பழைய கொதிகலன்களைக் குழாயாக நிறுத்தி, இரட்டைக் கதவு வைத்து, ஆட்கள் அதன் வழியாக உள்ளே இறங்கி வேலை செய்தார்கள்.

முதல் தடவை அணியம், அதாவது முன்பகுதி, மட்டும் எழும்பியது. கடையால், அதாவது பின்பகுதி, தரையிலேயே கிடந்தது. காற்று உயர்ந்த பக்கமாகவே ஓடிச் சேர்ந்ததுதான் காரணம். குறைகுடக் கதையேதான், தலைகீழாக. உள் தடுப்புச் சுவர்களை ஒவ்வொன்றாகக் காற்றுப் புகாமல் அடைத்து, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் காற்று கொடுத்த பிறகு, 1927 ஜூனில் மோல்ட்கே எழுந்தது.

காற்று முறையின் பெரிய சிக்கல் இதோடு முடியவில்லை. இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. கப்பல் ஏற ஏறக் காற்று விரியும். விரிந்த காற்று இன்னும் தண்ணீரைத் தள்ளும். கப்பல் இன்னும் வேகமாக ஏறும். பத்து மீட்டரிலிருந்து மேல்மட்டம் வருவதற்குள் காற்றின் கனஅளவு இரட்டிப்பாகிவிடும். கிளம்பிய பிறகு நிறுத்த பிரேக் கிடையாது. பக்கவாட்டில் கிடந்த சைட்லிட்ஸ் இப்படித்தான் திடீரென்று பாய்ந்து எழுந்து, உருண்டு, மறுபடி மூழ்கியது. அதை 1928-இல்தான் ஒருவழியாக மிதக்க வைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்கு இன்னோர் எமன் இருந்தது: ஆண்டுக்கணக்கில் தேங்கிய வாயு. வெட்டும் தீப்பொறி பட்டு வெடித்ததில் காயங்களும் உண்டு, உயிரிழப்பும் உண்டு.

அப்படியானால் பம்ப் மேலா? கப்பலைத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஆம். பேர்ல் துறைமுகத்தில் 1941 டிசம்பரில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் வெஸ்ட் வர்ஜீனியாவின் கிழிந்த பக்கத்துக்கு மரமும் கான்கிரீட்டுமாக ராட்சத ஒட்டுப் போட்டு இறைத்தார்கள். ஐந்தே மாதத்தில் மிதந்தது. 1944-இல் மறுபடி போருக்குப் போனது. இரும்புக்காக மட்டும் தூக்குவதென்றால், குப்புறக் கிடக்கும் கப்பலுக்குக் காற்றைவிடச் சிக்கனமான வழி இல்லை.

நம் பக்கத்தில் ஓர் உதாரணம் திருகோணமலை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு ஆளான சகாயிங் என்ற பயணிகள் கப்பல் அந்தத் துறைமுகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தது. இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் சிதைந்த உடலை வலுப்படுத்தி, பக்கத்துக்குச் செயற்கைச் சுவர் எழுப்பி, இறைத்து, 2018 மார்ச்சில் மிதக்க வைத்தார்கள். ஆழம் குறைந்த, அலை அடங்கிய இயற்கைத் துறைமுகம் அது. பம்ப் முறைக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

கடலையே இறைத்தவர்கள்

ஹவானா துறைமுகத்தில் 1898-இல் வெடித்து மூழ்கிய மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தூக்க 1911-இல் செய்த வேலை எல்லாவற்றிலும் விசித்திரமானது. எஃகுத் தகடுகளை அடித்து இறக்கி, மண் நிரப்பிய இருபது உருளைகளால் கப்பலைச் சுற்றி அணை கட்டி, உள்ளே இருந்த கடலை இறைத்துவிட்டார்கள். அணியம் சின்னாபின்னமாகியிருந்தது. மிஞ்சிய பின்பகுதிக்கு ஒரு சுவர் வைத்து மிதக்கவிட்டு, 1912 மார்ச்சில் ஆழ்கடலுக்குக் கொண்டுபோய் மரியாதையோடு மூழ்கடித்தார்கள். செலவு, காலம் இரண்டிலும் இது கடைசி இடம். ஆனால் எப்படி வெடித்தது என்று கண்ணால் பார்க்கவும், இறந்தவர்களின் உடல்களை எடுக்கவும் இதைப் போல வேறு எந்த முறையும் இடம் தராது.

குவைத்தில் 1964-இல் ஆயிரக்கணக்கான ஆடுகளோடு மூழ்கிய சரக்குக் கப்பலுக்கு, டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் குரோயர் கோடிக்கணக்கான பாலிஸ்டைரீன் உருண்டைகளைக் குழாய் வழியாக உள்ளே செலுத்தினார். இந்த முறையை வெறும் விநோதமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. உருண்டை ஓட்டை வழியே எளிதில் கசியாது, காற்றைப் போல மேலே வர வர விரிந்து பாயாது. காற்று முறையின் இரண்டு கோளாறுகளுக்கும் அது மருந்து. ஆழம் கூடினால் நுரை நசுங்கிவிடும் என்பதுதான் அதன் எல்லை.

ஜாக்கிகளின் காலம்

கம்ப்யூட்டர் வந்த பிறகு வடம் மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டது. 2000 ஆகஸ்டில் 118 பேரோடு மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கி கூர்ஸ்க் 108 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. வெடிக்காத ஆயுதங்கள் இருக்கலாம் என்று அணியத்தை நீருக்குள்ளேயே அறுத்து விட்டுவிட்டு, உடலில் 26 துளை போட்டு, ஜயன்ட் 4 என்ற பார்ஜிலிருந்து (தட்டையான பெரிய சுமைப்படகு) 26 கம்பிக் கற்றைகளை இறக்கிப் பிடித்தார்கள். பார்ஜ் அலையில் எழுந்து தாழ்ந்தாலும் கம்பியின் இழுவிசை மாறாதபடி, கம்பியை இழுக்கும் ஒவ்வொரு ஜாக்கிக்கும் அடியில் வாயு அழுத்தத்தில் இயங்கும் மெத்தை. 2001 அக்டோபர் 8 அன்று ஏறக்குறைய 15 மணி நேரத்தில் தூக்கினார்கள். முக்கியமான விஷயம்: தண்ணீரை விட்டு வெளியே இழுக்கவில்லை. பார்ஜின் வயிற்றுக்கடியில் தொங்கவிட்டபடியே துறைக்குக் கொண்டு போனார்கள்.

2014-இல் 304 உயிர்களைப் பலிகொண்ட தென்கொரியாவின் சேவோல் படகுக்கும் இரண்டு பார்ஜ்களும் 66 ஜாக்கிகளும்தான். 2017 மார்ச்சில், மூன்று ஆண்டு காத்திருந்த குடும்பங்களின் கண் முன்னால் வெளியே வந்தது. அங்கேயும் கடைசிக் கட்டத்தில்தான் தடங்கல்: பின்புற வாகன வாசல் திறந்து தொங்கியது, அதை வெட்டி எடுத்த பிறகே, தாழ்ந்து நின்ற சுமைக்கப்பலின் மேல் ஏற்ற முடிந்தது. கிரேனால் தூக்கும் ஆரம்பத் திட்டத்தைக் கைவிட்டது சரியான முடிவு என்பேன். உள்ளே இன்னும் தேடப்பட வேண்டியவர்கள் இருந்தார்கள். உடல் வளையாமல் முழுசாக வர வேண்டும். அதற்கு எடை சீராகப் பரவ வேண்டும்.

ஆக, என்னிடம் கேட்டால்: மனிதர்கள் உள்ளே இருக்கும் கப்பலுக்கும் பழம்பொருளாகக் காக்க வேண்டிய கப்பலுக்கும் வடம்தான், எவ்வளவு செலவானாலும். மறுபடி ஓட வேண்டிய கப்பலுக்கு ஒட்டும் பம்பும். குப்புறக் கிடக்கும் இரும்புக்குக் காற்று.

ஆனால் காற்றால் தூக்கிய கப்பலுக்குக் காவல் தேவை. காக்ஸ் அந்த முழு முயற்சியில் சுமார் 10,000 பவுண்ட் நட்டத்தோடு விலகிய பிறகு, வேறொரு நிறுவனம் அதே குடாவில் வேலையைத் தொடர்ந்து, 1939-இல் டெர்ஃப்லிங்கரைக் காற்றால் மேலே கொண்டு வந்தது. உடனே போர் வந்துவிட்டது; உடைக்கும் துறைக்கு இழுத்துப் போக வழியில்லை. 1914-இல் பணிக்கு வந்து 1919-இல் மூழ்கிய கப்பல் அது. போர் முடிந்து 1946-இல் இழுத்துப் போகும் வரை, காற்று குறையாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்க, தலைகீழாகவே ஏழு ஆண்டு மிதந்தது.