டிரெஸ்டன் விடுதியில் செவ்வாய்ப்பேட்டைக் காபித்தூள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் அந்தக் காபிக்கடையைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனையிலேயே மூக்கு தீர்ப்புச் சொல்லிவிடும். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் இந்தக் கடைத் தூளை வைக்கலாமா, எந்தக் கலவையை, எப்படிக் கட்டி என்று கல்லூரியில் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு நான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போயிருந்தேன். முதுநிலை இயற்பியல்.

கடைக்காரரிடம் எனக்குப் பிடித்தது, எல்லாவற்றையும் ஏற்காடு என்று சொல்லி விற்காதது. "பீபரி ஏற்காடு, பிளான்டேஷன் குடகு. எது வேண்டும், கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுகிறார். (பீபரி என்பது காய்க்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை; பிளான்டேஷன் இரட்டையாக விளையும் தட்டைக் கொட்டை.) 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. இன்றும் சில்வர் ஓக் நிழலில், மரத்தில் மிளகுக் கொடி ஏற, கீழே அராபிகா வகைக் காபிச் செடி நிற்கிறது. அந்தப் பெயரை வைத்து எதையும் விற்றுவிடலாம், இவர் விற்பதில்லை. வெளிநாடு என்றதும் அங்கே என்ன பால், என்ன ஃபில்டர் என்று விசாரித்தார். "காகித வடிகட்டி என்றால் நம் அரவை ஆகாது, அடைத்துக்கொள்ளும். நீ எவர்சில்வர் ஃபில்டரைக் கொண்டுபோய்விடு" என்றார். பல்கலைக்கழகம் அனுப்பிய வழிகாட்டி ஏட்டில்கூட இவ்வளவு உபயோகமான வரி இல்லை.

மூன்று பொட்டலங்கள் வாங்கினேன்: சிக்கரி இல்லாத பீபரி தூள், எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்த தூள், அரைக்காத கொட்டை கொஞ்சம்.

கட்டித் தருவதில்தான் கடை சறுக்குகிறது. புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளிவந்துகொண்டே இருக்கும். ஆறவிடாமல் மூடினால் பை உப்பும். எனக்கு அவசரமாகச் சூட்டோடு ஒட்டித் தந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது பீபரிப் பை ஓரம் பிளந்து, ஸ்வெட்டர் முழுக்கத் தூள். இரண்டாவது குறை லேபிள். உறைமேல் பேனாவால் '80' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். பிராங்பர்ட் சுங்கத்தில் ஓர் அதிகாரி அந்த எண்பதைச் சுட்டி என்னவென்று கேட்டார். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பினார் என்றாலும், பெயரில்லாத பழுப்புத் தூளோடு அங்கே நிற்பது சுகமான அனுபவம் அல்ல. பொருளின் பெயரையும் கலவையையும் ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? (காபிக்குத் தடை இல்லை. நெய்ப் பலகாரமும் பால்கோவாவும் வைக்காதீர்கள்; பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்குக்கூட விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் வேண்டும்.)

இனி ருசி. நான் போய் இறங்கிய ஊர் சாதாரண ஊர் இல்லை. 1908ல் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளை போட்டு, மகனுடைய நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து வைத்து, காகித வடிகட்டியைக் கண்டுபிடித்தது டிரெஸ்டனில்தான். அந்த ஊர் விடுதிச் சமையலறையில் நான் தாளே இல்லாத ஃபில்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் காபி தெளிவாக, லேசாக இருக்கும். காபியின் எண்ணெயைத் தாள் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் ஃபில்டரில் அது அப்படியே இறங்குகிறது. இரவு தூளைப் போட்டு, குடை போன்ற தட்டால் அமுக்கி, கொதிநீர் ஊற்றி மூடிவிட்டுப் படுத்தால், காலையில் கீழ்ப்பாத்திரத்தில் விளக்கெண்ணெய்க் கனத்தில் டிகாஷன். வகுப்புகள் அட்டவணை நேரத்துக்குக் கால் மணி கழித்துத் தொடங்குவது அங்கே பழைய வழக்கம். அந்தக் கால் மணியில் பாலைக் காய்ச்சிக் கலந்து குடித்துவிட்டே போகலாம்.

பீபரி தனியாகக் குடித்தால் அருமை. ஆனால் அங்கே எனக்குக் கட்டுப்படியான நீண்டநாள் கெடாத பாலில் கலந்தால் சோர்ந்துவிடுகிறது. அந்தப் பாலுக்கே காய்ச்சிய வாசனை ஒன்று உண்டு. அதைத் தூக்கி நிறுத்த எண்பதுக்கு இருபதுதான் சரி: நிறமும் கனமும் வந்து, கள்ளிச்சொட்டாக நிற்கிறது. சிக்கரி என்றாலே மட்டம் என்று பேசும் காபிப் பண்டிதர்கள் ஒரு டிசம்பரை அங்கே கழித்துப் பார்க்கட்டும். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

பக்கத்து அறைப் பெண்ணுக்கு மட்டும் சிக்கரி என்றதும் முகம் கோணிவிட்டது. அவள் பாட்டி கிழக்கு ஜெர்மனிக் காலத்து ஆள். 1977ல் காபி விலை ஏறியபோது, பாதிக்குச் சற்று மேல் மட்டும் காபியும் மீதி சிக்கரி, ரை என்ற தானியம் என்று எதையெதையோ கலந்த தூளை அரசாங்கம் விற்றதாம். ஜனங்கள் கொதித்துப் போனார்களாம். என் டபராவில் ஆற்றித் தந்ததை அவள் வாய் வைத்துப் பார்த்தாள். பிறகு பாட்டியைப் பற்றிப் பேசவில்லை, இன்னொரு தம்ளர் கேட்டாள்.

தூளின் ஆயுள் குறைவு. உறையைப் பிரித்துச் சில வாரங்களிலேயே மணம் இறங்கிவிடுகிறது. இதில் கடையைக் குறை சொல்ல முடியாது, அரைத்த காபியின் விதி அது. ஜனவரியில், தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில், கொட்டைதான் கைகொடுத்தது. விடுதியில் யாரோ விட்டுப்போன கைச் சுற்று மெஷினில் அரைத்துக்கொண்டேன். தபாலில் வரவழைக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அன்பளிப்புப் பார்சலில் மொத்த மதிப்பு 45 யூரோவைத் தாண்டாமல், காபி 500 கிராமுக்குள் இருந்தால்தான் சலுகை. ஜெர்மனியில் வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ என்று தனி வரியே இருக்கிறது.

மதிப்பெண் போடச் சொன்னால் ஜெர்மன் முறையில் 1.7 தருவேன். அங்கே 1.0தான் முதல் தரம், 4.0 தாண்டினால் தோல்வி. (என் தாளில் 1.3 பார்த்துவிட்டு அப்பா ஒரு மாலை முழுக்க யாரிடமும் பேசவில்லை.) லேபிள் ஒட்டினால் என் 1.7ஐத் திருத்திக்கொள்கிறேன்.

போகிறவர்கள் கிளம்பும் வாரத்துக்கு முன்பே வறுக்கச் சொல்லி, மறுநாள் போய் வாங்குங்கள். பாதி எண்பதுக்கு இருபது, பாதி கொட்டை. பீபரியைச் சேலத்திலேயே, நல்ல எருமைப்பால் கிடைக்கும் வீட்டில் குடித்துவிட்டுப் போங்கள். மத்தியானம் கடை சாத்தியிருக்கும். காலையில் போனால் வறுக்கும் வாணலி ஓடிக்கொண்டிருக்கும்.