ஃபயரி கமாண்ட் ஒர்க்ஸ்டேஷன்: எழுத்துக்குக் கைகொடுக்கும், மங்கலான படத்துக்கு அவ்வளவாக இல்லை

கலர் பிரின்டிங் மெஷினுக்குப் போகும் வேலைகளைக் கணினியிலிருந்தே நிர்வகிக்க, 2024-இல் எப்சன் வாங்கிய ஃபயரி நிறுவனம் தரும் மென்பொருள் இது. ஃபயரி சர்வர் (கோப்பை அச்சுக்கேற்ற புள்ளிகளாக மாற்றித் தரும் கணினி) உள்ள கலர் மெஷின் இருந்தால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பல கடைகளில் காப்பி எண்ணிக்கையும் தாள் அளவும் கொடுத்துவிட்டு நேராக பிரின்ட் அடித்துவிடுகிறார்கள். இதன் அருமையே ஜாப் பிராப்பர்ட்டீஸுக்குள் (ஒவ்வொரு வேலைக்குமான அமைப்புகள்) கலர், இமேஜ் பகுதிகளில்தான் இருக்கிறது.

முதலில் மாற்ற வேண்டியது 'பிளாக் டெக்ஸ்ட் அண்ட் கிராபிக்ஸ்'. வேர்டில் அடித்த கறுப்பு ஆர்ஜிபி 0, 0, 0 ஆக, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூஜ்யமாக வரும். நார்மலில் விட்டால் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு டோனரும் (மைத்தூள்) கலந்து அச்சாகும். ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தாலும் 6 பாயின்ட் தமிழெழுத்தில் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளியைச் சுற்றிச் சிவப்போ நீலமோ கசியும். 'பியூர் பிளாக் ஆன்' கொடுத்தால் கறுப்பு டோனர் மட்டும் விழும், எழுத்து கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். 'ரிச் பிளாக்' பெரிய தலைப்புக்கு அழகு. பொடி எழுத்துக்கு வேண்டாம்.

மஞ்சள் பின்னணியில் கறுப்பெழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதா? எழுத்துக்கு அடியில் மஞ்சளை வெட்டி எடுத்திருப்பதால் வருவது அது. 'பிளாக் ஓவர்பிரின்ட்' வைத்தால் மஞ்சள் மேலேயே கறுப்பு ஏறும். இங்கே பலர் சறுக்குவார்கள்: ஃபான்ட் பிரச்சினைக்குப் பயந்து கோரல்டிராவில் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி அனுப்பிய எழுத்து, சர்வருக்கு எழுத்தே அல்ல, வெறும் வடிவம். ஆகவே பிளாக் ஓவர்பிரின்ட்டை 'டெக்ஸ்ட்' என்று வைத்தால் பலன் இருக்காது. 'டெக்ஸ்ட்/கிராபிக்ஸ்' வைக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் செய்து ஜேபெக் படமாக வந்த அழைப்பிதழுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. எழுத்தும் படத்தோடு பிக்சலாகிவிட்டது. எழுத்து அடுக்கை அப்படியே வைத்து பிடிஎஃப் ஆகத் திரும்பக் கேட்டு வாங்குவதுதான் வழி.

'டெக்ஸ்ட்/கிராபிக்ஸ் குவாலிட்டி'யைப் பெஸ்ட்டில் வைக்கலாம். ப்ராசஸ் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை. 'இமேஜ் ஸ்மூத்திங்' பற்றித்தான் வாடிக்கையாளர்களுக்கு அதிக எதிர்பார்ப்பு. அது படிக்கட்டுபோல் தெரியும் ஓரங்களை மழுப்பும், இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. வாட்ஸ்அப்பில் வந்த படம் நீளவாக்கில் 1600 பிக்சல் என்று வையுங்கள். 7 அங்குல கார்டில் அங்குலத்துக்கு சுமார் 229 பிக்சல், ஒப்பேறும். ஏ4 நீளத்துக்கு 137, முகம் மெழுகாகிவிடும். ஏ3-க்கு 97, அதை வாங்காமல் இருப்பதே மரியாதை. 300 இருந்தால் ஸ்மூத்திங்கைத் தொடவே வேண்டாம்.

குறை என்று சொன்னால், சாம்பல் நிறப் பொடி எழுத்து. 50% கறுப்பில் வைத்த எழுத்து புள்ளிகளாக உடைந்துதான் விழும். பியூர் பிளாக்கும் அதைக் காப்பாற்றாது. டிசைனரிடமே முழுக் கறுப்பாக மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, ப்ராசஸ் ஆன ஜாபில் எந்த இடத்தில் எத்தனை சதவீத டோனர் விழுகிறது என்று காட்டும் இமேஜ் வியூவர் எல்லா சர்வரிலும் வராது. மெஷின் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால், 'ப்ராசஸ் அண்ட் ஹோல்ட்' கொடுத்து வெள்ளைப் பின்னணியில் உள்ள ஒரு கறுப்பெழுத்தின் மேல் கர்சரை வையுங்கள்: சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் பூஜ்யம் என்றால் அச்சுக்கு அனுப்பலாம்.