ஃபோம் கிளைடருக்குக் கார்பன் பட்டையும் ஃபிலமென்ட் டேப்பும்: சில ஆடிக்காற்றுகளுக்குப் பிறகு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலைப் பக்கம் இறங்கும் ஆடிக்காற்றில் ரிமோட்டில் ஓட்டும் ஃபோம் கிளைடர் (மாதிரி விமானம்) விடுகிறவர்களுக்கு, இறக்கை வில்லாக வளைவது பழகிய காட்சி. என்னுடையது 2 மீட்டர் இறக்கை, சுமார் 850 கிராம், மூக்கில் மோட்டாரும் மடங்கும் ப்ரொப்பெல்லரும் உள்ள ஈபிஓ (நெகிழும் ஒருவகை ஃபோம்) ரகம். இறக்கைக்குள் வந்த கார்பன் குழாய் பாதி தூரத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் வெறும் ஃபோம்தான்.

அதை வலுப்படுத்தச் செய்த வேலைகளில் முதலிடம் கார்பன் பட்டைக்கு. 1×5 மி.மீ. பட்டையைப் படுக்கவைத்து ஒட்டாமல், இறக்கை தடித்திருக்கும் இடத்தில் கீழ்ப்பக்கமாகக் கீறி, செங்குத்தாக உள்ளே இறக்கினேன். அதே பட்டை நிற்கும்போது, படுத்திருப்பதைவிட 25 மடங்கு வளைவை எதிர்க்கும். ஒரு மீட்டருக்கு எடை 8 கிராம் அளவுதான். பழைய குழாய் முடியும் இடத்துக்கு முன்பே ஒரு சாணாவது இரண்டும் சேர்ந்து ஓடவேண்டும். இல்லையென்றால் குழாய் நின்ற இடத்திலேயே இறக்கை மடங்கும். இன்றுவரை பட்டை அசையவில்லை, லூப் (செங்குத்து வட்டம்) போட்டு இறங்கும்போதும் இறக்கை நுனி படபடப்பதில்லை.

பாலியூரித்தேன் பசைதான் போட்டேன். கீறலில் லேசாக ஈரம் தொட்டுவிட்டு ஊற்றினால் நுரைத்துப் பொங்கி இடுக்கையெல்லாம் நிரப்பும். காயும்வரை மாஸ்கிங் டேப் போட்டு இறுக்காவிட்டால் பட்டையையே வெளியே தள்ளிவிடும். சூப்பர் க்ளூ ஈபிஓவை உருக்காது என்றாலும், காய்ந்தபின் விறைத்துப்போகிறது. வளையும் இடத்துக்கு அது வேண்டாம். ஹாட் க்ளூவை நம் வெயிலில் நம்பவே வேண்டாம்.

இறக்கைக்குப் பின்னால் உடல் மெலியும் இடம் அடுத்த பலவீனம். அங்கே கண்ணாடி இழை ஓடும் ஃபிலமென்ட் டேப்பை இரு பக்கமும் நீளவாக்கில் ஒட்டியிருக்கிறேன். சுற்றிச் சுற்றி ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், எடைதான் ஏறும். இழை இழுவையைத்தான் தாங்கும், அதனால் இழுபடும் திசையில் அது ஓடவேண்டும். ஒட்டுமுன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தும், கோடைக்குக் கோடை ஓரம் தூக்கிக்கொள்கிறது. செம்மண் தூசி ஏறிவிட்டால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதுதான் வழி.

வால் இறக்கையில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே 5 கிராம் கூடினால், சமநிலைக்கு மூக்கில் அதன் மூன்று மடங்காவது ஈயம் போகும். வால் உடைந்தால் மாற்று வால் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மொத்தமாக 50 கிராமுக்குள் முடித்ததால் எடை 6 சதவீதம்தான் கூடியது. அதற்கு இறங்கும் வேகம் 3 சதவீதம் கூடும், கையில் பெரிதாகத் தெரியாது. காலை நேரத்து மெலிந்த தெர்மலில் (மேலெழும் வெப்பக்காற்றில்) முன்பு நின்ற அளவு நிற்பதில்லை, அது உண்மை. எதிர்காற்றில் முன்னேறுவதோ முன்பைவிட நன்றாக இருக்கிறது.

கார்பன் போடுகிறவர்கள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரை மறக்கக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் நுனியில் உறை உரித்த 31 மி.மீ. பகுதிதான் வேலை செய்கிறது. அது கார்பனை ஒட்டி ஓடினால் சிக்னல் மறைபடும். நான் உடலின் அடிப்பக்கமாக வெளியே நீட்டிவிட்டேன்.

வயிற்றுக்குப் போட்ட லாமினேட்டிங் ஃபிலிமில் பாதிதான் திருப்தி. குறைந்த சூட்டில் அயர்ன் செய்து ஒட்டினால் புல்லில் வழுக்கி இறங்கும். சரளையிலும் பருத்திக் கட்டையிலும் சில இறக்கங்களிலேயே கிழிந்துவிடுகிறது. சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த ஃபிலிமும் ஈடு கொடுக்கவில்லை. மூக்கு நசுங்கினால் கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஈபிஓ உப்பிப் பழைய வடிவத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மூடிய காருக்குள் மதியம் வைத்து முறுக்கிப்போன இறக்கைக்கு அந்த வைத்தியம் பலிக்காது.