கராம்பு: முழுசா, தூளா, எண்ணெயா?

சமையலுக்கு முழுக் கராம்பு. பல்வலிக்கு எண்ணெய், அதுவும் கவனமாக. கடைத் தூளை வாங்காமல் விடுவதே மேல்.

கராம்பு என்பது காய்ந்த பூமொட்டு. நல்ல மொட்டில் 15 முதல் 20 வீதம் எண்ணெய் இருக்கும். மொட்டைத் தாங்கும் காம்பில் 5, 6 வீதம்தான். இரண்டையும் சேர்த்து அரைத்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? முழுசில் அந்த ஏமாற்று எடுபடாது. கொழும்புப் புறக்கோட்டையில் நிறுத்து வாங்கும்போது தலையில் உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டின் தண்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வடித்தெடுத்த சக்கை படுத்து மிதக்கும்.

ஒரு கிலோ கோழிக்கறிக்கு 4, அரைக் கிலோ அரிசி மஞ்சட் சோற்றுக்கு 5, அரைக் கிலோ வெங்காயச் சீனிச் சம்பலுக்கு 3 போதும். சூடான எண்ணெயில் உப்பி வாசம் வந்ததுமே வெங்காயம் விழ வேண்டும். பிந்தினால் கருகிக் கசக்கும். அந்தக் கசப்பைத் தேங்காய்ப்பாலும் மறைக்காது.

வட்டிலப்பம், கேக் இரண்டுக்கும்தான் தூள் வேண்டும், முழுசு கடிபட்டால் இனிப்பே கெட்டுவிடும். அன்றன்று ஐந்தாறை உரலில் இடித்து அரித்தால் கால் தேக்கரண்டி வரும். ஆறு முட்டை வட்டிலப்பத்துக்கு ஒரு சிட்டிகை. மிக்சியில் அரைப்பதானால் உருக்குச் சாடி. பிளாஸ்டிக் மங்கிப்போகும், வாசமும் விடாது.

கராம்பு எண்ணெயைச் சட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஒரு துளி கூடினாலும் கறி பல் வைத்தியர் அறைபோல மணக்கும்: தற்காலிகப் பல் அடைப்பில் துத்தநாக ஒட்சைட்டோடு குழைப்பதும் இதன் வாசத்துக்குக் காரணமான அதே யூஜினோல்தான். சுத்தமான எண்ணெய் தண்ணீரில் அடியில் இறங்கும். மிதந்தால் தேங்காய் எண்ணெயோ வேறெதுவோ கலந்திருக்கிறது. கறுவா இலை எண்ணெய் கலந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது. அதுவும் அமிழும், அதிலும் யூஜினோலே கூட.

பல்வலிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 2 துளி விட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்து பல்லில் மட்டும் வையுங்கள். கலக்காமல் வைத்தால் ஈறு புண்ணாகும். முழுக் கராம்பை வலிக்கும் பல்லருகே அடக்கிக்கொண்டால் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அளவு தப்பாது. இரண்டும் மரக்கச் செய்வதோடு சரி, சொத்தை அப்படியே இருக்கும். கன்னம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் கொழும்பு வாட் பிளேஸ் பல் வைத்தியசாலைதான்.

குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எண்ணெயைத் தொட வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கு அறவே கூடாது: ஒன்றிரண்டு தேக்கரண்டி விழுங்கினாலே ஈரல் பழுதாகலாம். போத்தல் சமையலறைத் தட்டில் அல்ல, பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும்.