வெள்ளி, எவர்சில்வர், அலுமினியம்: பளபளப்பில் எது முந்தும்?

வெள்ளி விளக்கு, பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் தட்டு மூன்றையும் தேய்த்துப் பூஜை அலமாரியில் வைத்தால் அன்றைக்கு மூன்றும் மின்னும். ஒரு மாதம் கழித்து எவர்சில்வர் மட்டும் அப்படியே இருக்கும். அதை வைத்து எவர்சில்வர்தான் உசத்தி என்று முடிவு கட்டிவிட முடியாது. விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது ஒரு கணக்கு. எத்தனை நாள் மங்காமல் இருக்கிறது என்பது வேறு கணக்கு.

முதல் கணக்கில் வெள்ளியை மிஞ்ச எந்த உலோகமும் இல்லை. நன்றாக மெருகேற்றிய வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் திருப்பிவிடும். எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் திருப்புவதால்தான் அந்த வெண்மை. தங்கமும் செம்பும் நீலத்தை விழுங்கிவிடும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையும் அப்படித்தான். திரி வெளிச்சத்தில் பித்தளை இதமாகத் தெரிவது அதனால்தான். எனக்கு விளக்கென்றால் பித்தளைதான் பிடிக்கும்.

எவர்சில்வர் ஏறக்குறைய 60 சதவீதத்தோடு நின்றுவிடும். ஆனால் அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு படலமாகிக் காவல் நிற்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். வெள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு எதிரி கந்தகம். முட்டையில் பட்ட கரண்டி கறுக்கும், ரப்பர் பேண்ட் சுற்றி வைத்த கொலுசும் கறுக்கும்.

அப்புறம் அலுமினியம். சோற்றுக் குண்டானைப் பார்த்தே அதை மட்டமாக நினைத்துவிடுகிறோம், அது நியாயமில்லை. வழவழப்பான புதுப் பரப்பு என்றால் அலுமினியம் 90 சதவீதம் வரை ஒளியைத் திருப்பும். அதன் ஆக்சைடு படலம் மெல்லியது, ஒளியை மறைக்காது. மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் சொரசொரப்புதான் காரணம். அலுமினியத் தாளையே பாருங்கள். கடைசிச் சுற்றில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருளைக்குள் விடுவார்கள். உருளையைத் தொட்ட பக்கம் மின்னும், ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கும். உலோகம் ஒன்றேதான். ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கும் அலுமினியப் பூச்சுதான்.

உலோகம் மட்டும்தான் பளபளக்கும் என்றில்லை. அயோடின், கிராஃபைட் இரண்டும் அலோகங்கள், ஆனாலும் மினுங்கும். வைரத்தின் வழி வேறு. அதன் மேற்பரப்பு திருப்புவது 17 சதவீதம்தான், சாதாரணக் கண்ணாடி 4 சதவீதம். மீதி ஜொலிப்பு, உள்ளே புகுந்த ஒளி பட்டைகளில் மோதித் திரும்புவதால் வருவது.

சரி, கறுத்த வெள்ளியை என்ன செய்வது? விபூதி போட்டுத் தேய்த்தால் கறுப்போடு துளி வெள்ளியும் போய்விடும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா கலந்த சுடுநீரை ஊற்றுங்கள். கந்தகம் பிரிந்துபோகும், வெள்ளி வெள்ளியாகவே திரும்பப் படியும். கல் பதித்த நகைக்கு மட்டும் இது வேண்டாம்.