டம்ளரில் மஞ்சள் நிறம் காட்டி மெஷின் விற்க வருகிறார்கள், ஜாக்கிரதை

"இந்தத் தண்ணியையா அக்கா குழந்தைக்குக் குடுக்குறீங்க?"

இந்த ஒரு கேள்விதான் என்னைக் கையெழுத்துப் போட வைத்தது. உங்கள் வீட்டுக் கதவையும் யாராவது தட்டி, "இலவசமாத் தண்ணி டெஸ்ட் பண்ணித் தர்றோம்" என்று சொன்னால், உள்ளே விடுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நடந்ததை அரைகுறையாகச் சொன்னால் பயன் இருக்காது.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. கொஞ்ச நாளாகக் குழாயைத் திறந்தாலே குளோரின் வாடை. சில நாள் காலையில் முகம் கழுவக் குனிந்தால் மூக்கில் ஏறும். செல்போனில் தேடினால் குளோரின் விஷம், குளோரின் புற்றுநோய் என்று பக்கம் பக்கமாக வந்தது. வீட்டில் பேசினால், "இத்தனை வருஷமா இதைத்தானே குடிக்கிறோம்" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் அந்த இருவரும் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம், "குடிநீர்த் தரப் பரிசோதனைக்கு வந்திருக்கோம்" என்ற பேச்சு. அரசு ஆட்கள் என்றே நினைத்துவிட்டேன். அப்படி அவர்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த மெஷினில் பிடித்த தண்ணீர். சின்ன பாட்டில் ஒன்றிலிருந்து இரண்டிலும் நாலைந்து சொட்டு விட்டார். மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. எங்கள் தண்ணீர் கண்ணெதிரே மஞ்சளாகிவிட்டது. அப்போது கேட்டதுதான் முதலில் எழுதிய கேள்வி.

அடுத்து, இன்னொரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் என் விரல்களை ஒரு நிமிடம் முக்கி வைக்கச் சொன்னார். விரலை எடுத்த பிறகு சொட்டு விட்டால் மஞ்சள் வரவில்லை. "பாத்தீங்களா, அவ்வளவும் உங்க தோலுக்குள்ள போயிடுச்சு. பாப்பாவைக் குளிப்பாட்டும்போது என்ன ஆகும்னு யோசிங்க." எனக்குக் கை நடுங்கியது. பிறகு, உலோகக் கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டு டம்ளரிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். மெஷின் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தண்ணீர் ஒரு நிமிடத்தில் கலங்கி, பழுப்பும் பச்சையுமாகத் திரிதிரியாகத் திரண்டு, மேலே நுரை கட்டி நின்றது. சாக்கடைத் தண்ணீர் மாதிரி. கடைசியாகப் பேனா அளவில் ஒரு மீட்டர். எங்கள் தண்ணீரில் முந்நூறுக்கு மேல் காட்டியது, அவர்களுடையதில் இருபதுக்குள் நின்றது.

அன்று மாலையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஏழு அடுக்குச் சுத்திகரிப்பு, கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு, ஆயுள் முழுக்க சர்வீஸ் என்றார்கள். "ஆஃபர் இன்னிக்கு ஒரு நாள்தான்" என்பதையும் நம்பினேன்.

மறுநாள் மெஷினை மாட்டினார்கள். வாடை போய்விட்டது, உண்மைதான். நிம்மதியாக இருந்தேன். காலையில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பிடித்து வைத்தால் மறுநாள் வரைக்கும் அதுதான் எல்லோருக்கும். நாலு மாதம் கழித்துத் தண்ணீரில் லேசாக ஒரு மக்கிய வாடை. பிடித்து வைத்த பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தடவினால் விரலில் வழவழவென்று ஒட்டியது. மெஷின் குழாயின் வாயைச் சுற்றியும் அதே வழவழப்பு. சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்தால் "ஆள் வருவாங்க மேடம்" என்றார்கள். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாதம் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் படாத பாடு பட்டோம். தண்ணீரால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் "என்ன தண்ணி குடுக்குறீங்க?" என்று அவர் கேட்டதும் எனக்கு அந்த வழவழப்புதான் ஞாபகம் வந்தது. குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், மெஷின் தண்ணீர் ஒரு பாட்டில் என்று பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். முடிவைப் படித்தபோது பாட்டில் மாறிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. தண்ணீரில் கழிவு கலந்திருக்கலாம் என்பதற்கு அடையாளமாகப் பார்க்கும் கோலிஃபார்ம் கிருமி, குழாய்த் தண்ணீரில் இல்லை. மெஷின் தண்ணீரில் இருந்தது.

எங்கள் தெருவில் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறிக்கையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அன்று டம்ளர் மஞ்சளானதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏம்மா, இந்த மஞ்சளைப் பார்க்கத்தானே நாங்க தினமும் காலையில குழாய் குழாயாப் போவோம். இது வராத அன்னிக்குத்தான் எங்களுக்குப் பயம்" என்றார்.

அந்தச் சொட்டு மருந்தின் பெயர் ஆர்த்தோடொலுடின். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் மஞ்சளாகும், அவ்வளவுதான் அதன் வேலை. கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் கொஞ்சம் குளோரின் மிச்சமிருந்து வந்து சேர்கிறதா என்று பார்க்க வந்த சோதனை அது. வழியில் குழாய் விரிசலில் அழுக்கு நுழைந்தாலும் கிருமி பெருகாமல் இருக்க அந்த மிச்சம் வேண்டும். மஞ்சளான அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் காரணம் குளோரின் இல்லை, அவர்கள் விட்ட மருந்து. கெடுதலான பொருள் அந்தச் சின்ன பாட்டிலில்தான் இருந்தது.

விரல் வித்தையும் அப்படித்தான். நம் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை, வியர்வை, அழுக்கு எல்லாவற்றோடும் குளோரின் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடுவதில்லை. காய்கறித் துண்டைப் போட்டாலும் இதே மாதிரிதான் மஞ்சள் வராது.

கம்பிச் சோதனைக்கு அவர் விளக்கம் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் தாது உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். நான் பார்த்த சாக்கடை என் தண்ணீரில் இருந்ததில்லை, அவர்களுடைய கம்பியிலிருந்து வந்தது. காட்டுவதற்கு அவர்கள் கொண்டுவந்தது ஆர்ஓ மெஷின், அதாவது நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கும் மெஷின். அதன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயவில்லை. "அந்தச் சுத்தமான தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லும்மா, அதுவும் இதே மாதிரிக் கலங்கும்" என்றார். வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேனா மீட்டர் காட்டியதும் அதே உப்பின் அளவுதான். டிடிஎஸ் மீட்டர் என்று சொல்லும் அந்தப் பேனாவுக்குக் கிருமியைத் தெரியாது. கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஈயம் கலந்திருந்தாலும் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு அவரும் என் கணவரும் சேர்ந்து மெஷினைத் திறந்தார்கள். காட்டியது ஒன்று, எங்களுக்கு மாட்டியது வேறு. ஆர்ஓ சவ்வே உள்ளே இல்லை. ஏழு அடுக்கில் ஐந்தில் கலர் கலராகக் கூழாங்கல் உருண்டைகள். ஒன்றில் கார்பன், அதாவது கரித்தூள். குளோரின் வாடையை எடுத்தது அது மட்டும்தான். நாலு மாதமாக மாற்றாததால் அந்த ஈரமான கரியிலேயே கிருமி குடியேறியிருந்தது. யுவி விளக்கு என்று சொன்னது சாதாரண நீல எல்இடி. சின்ன பேட்டரி விளக்கில் இருக்குமே, அது. என் கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

காவலுக்கு இருந்த குளோரினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையுமே வைக்கவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் ஒரு நாள் முழுக்கத் திறந்து மூடி என் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதற்காகக் குளோரினைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் கவலை பொய்யில்லை, அதைப் பயன்படுத்திக்கொண்ட விதம்தான் மோசடி. தண்ணீரில் மக்கிய இலை தழைச் சத்து கலந்திருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன் என்ற வகைப் பொருள்கள் உண்டாகின்றன. 1974-ல் ரோட்டர்டாமில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டு சொன்னார். பல வருடம் அதிக அளவில் உடம்பில் சேர்ந்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடலாம் என்று சில ஆய்வுகள் காட்டியதால்தான் நாடுகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் அது லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஆனால் இந்தப் பயத்தால் கிருமிநீக்கத்தைக் குறைத்துவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. அது குளோரினுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குழாயில் வந்து சேரும்போது குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குதான். சிலருக்கு 0.3 இருந்தாலே வாடை தெரிந்துவிடுமாம். என் மூக்கு அந்த ரகம் போலிருக்கிறது. வாடை வந்தாலே அளவு மீறிவிட்டது என்று நான் நினைத்தது தவறு.

உண்மையில் பயப்பட வேண்டிய பல விஷயங்களுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குழாய்த் தண்ணீரில் வந்து சுமார் 4 லட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். குளோரினுக்கு அது அசையாது, கொதிக்க வைத்தால் சாகும். வாஷிங்டனில் 2000-ல் குளோரினுக்குப் பதில், குளோரினோடு அம்மோனியா சேர்த்து உண்டாக்கும் குளோராமினுக்கு மாறியபோது, பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஈயத்தைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நைட்ரேட், ஆர்சனிக், ஃபுளோரைடு எல்லாம் அப்படித்தான், தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். வாசலில் வந்து காட்டிய நாலு வித்தையில் ஒன்றாவது இவற்றைக் காட்டுமா?

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்குப் போய், போடுவது குளோரினா குளோராமினா என்று முதலில் கேட்டேன். இது முக்கியம். குளோரின் என்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தாலே வாடை பெரும்பாலும் போய்விடும். குளோராமின் அப்படிச் சுலபமாகப் போகாது. எங்களுக்கு வருவது குளோரின்தான். அவர்கள் செய்யும் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள், நாம் கேட்பதில்லை. அப்புறம் ஈயம், நைட்ரேட், கிருமி மூன்றுக்கும் எங்கள் குழாய்த் தண்ணீரை வெளிக் கூடத்தில் ஒரு முறை சோதித்தோம். ஒன்றும் இல்லை. அதனால் பெரிய மெஷின் தேவைப்படவில்லை. குடிக்க மட்டும் ஒரு சின்ன கார்பன் ஃபில்டர் ஜாடி. வாடையும் போகிறது, ட்ரைஹாலோமீத்தேனும் குறைகிறது. கார்ட்ரிட்ஜ் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். வடிகட்டிய பிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடிக்கிறோம். குழந்தைக்குத் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, ஆற வைத்துக் கொடுக்கிறேன். உங்கள் தண்ணீரில் ஈயமோ உவர்ப்போ இருந்தால் உங்களுக்கு ஆர்ஓ தேவைப்படலாம். அதை வெளியில் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள், விற்க வந்தவரின் கையால் சோதித்து அல்ல.

வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்கள் இருந்தால் மட்டும் கதை வேறு. டயாலிசிஸுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரினோ குளோராமினோ துளியும் இருக்கக் கூடாது. மருத்துவமனை சொல்வதைத் தவிர வேறு யார் சொல்வதையும் கேட்காதீர்கள்.

பணம் திரும்பி வரவில்லை. பில், ஒப்பந்தம், இரண்டு பாட்டிலின் அறிக்கை, மெஷினைத் திறந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம், நடந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த நாள் தாண்டிய பிறகுதான் படித்தேன். நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போதே திருப்பிப் பாருங்கள்.

போன வாரம் பின் தெருவிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். "அக்கா, நீங்க சொன்னீங்களே, அதே மாதிரி ரெண்டு பேர் வந்து டம்ளர் வச்சிருக்காங்க" என்றாள். ஒரு சிட்டிகை உப்பைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். வேறு ஆட்கள், ஆனால் அதே பை, அதே கம்பி. குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே பழுப்பாகி நின்றது. "அந்த இன்னொரு டம்ளர்ல இதைப் போட்டு சுவிட்சைப் போடுங்க தம்பி" என்றேன். அப்படியெல்லாம் செய்யக் கூடாது, கருவி கெட்டுவிடும் என்றார். நானே உப்பைப் போட்டேன். சுவிட்சைப் போடாமல் கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். படி இறங்கி நேராகப் பக்கத்து வீட்டு அழைப்பு மணியைத்தான் அழுத்தினார்கள்.